செல்ஃப் சேர்விஸ் கார் வோஷ்: ஆள் இல்லாத நேரமும் தண்ணி ஒழுகுது, எங்கே இருந்து தேடுறது?

கிருலப்பனை_பே

மூன்று பே (கார் நிறுத்திக் கழுவுற இடம்) உள்ள செல்ஃப் சேர்விஸ் கார் வோஷ். மெஷின் அமெரிக்கத் தயாரிப்பு, பாவிச்சது, கொண்டெய்னரில் இறக்கினது. ஒவ்வொரு பேக்கும் தனி ட்ரிப்ளெக்ஸ் பம்ப் (மூன்று பிளஞ்சர், அதாவது தள்ளுதண்டு உள்ளது), நிமிடத்துக்கு 15 லீற்றர், 70 பார் அளவில் வேலை செய்யுது. சோப்பும் கழுவுற தண்ணியும் பம்ப் வழியா போய் ஒரே கன்னால (ட்ரிகர் அமத்தித் தண்ணி அடிக்கிற கைப்பிடி) வரும். டயர் கிளீனர் குறைந்த அழுத்தத்தில் அதே கன்னுக்கு வந்து சேரும். ஃபோம் பிரஷ்ஷுக்கு தனி ஹோஸ். வால்வ் எல்லாம் 24 வோல்ற் ஏசி சொலனொயிட் (கரண்ட் வந்தா காந்தத்தால் திறக்கிறது). நீர் வழங்கல் சபை லைன் தரைத் தொட்டிக்கு, அங்கிருந்து மேலே 2,000 லீற்றர் தாங்கிக்கு, தாங்கியில் இருந்து மெஷின் அறைக்கு. தாங்கி அறையை விட 4 மீற்றர் உயரம்.

இப்போ நிலைமை இது:

பே 1: ஆள் இல்லாத நேரமும் கன் நுனியால நூல் மாதிரி வடியுது. சுத்தத் தண்ணி.

பே 2: அதே மாதிரி, ஆனா கூட. அளந்தா நிமிடத்துக்கு 250 மில்லி. தொட்டா வழவழப்பு. அதோட இந்தப் பம்புக்குக் கீழே சில நேரம் திடீர்னு ஒரு வாளித் தண்ணி கொட்டும், பிறகு தானா நின்றுடும்.

பே 3: மேலே பூம் (ஹோஸைத் தாங்குற கை) சுழலுற மூட்டில் சொட்டு. மெஷின் ஓடுற நேரம் மட்டும்.

எல்லா கன்னும் எல்லா வால்வும் மாத்தணும்னு ஒரு விலை தந்திருக்காங்க. அதுக்கு முன்னால கேட்கிறேன்: என்ன என்ன பார்க்கணும்?

குழாய்ப்புழு

தம்பி, இப்போதைக்கு ஒண்டையும் மாத்த வேண்டாம். நீங்கள் எழுதினதை வைச்சுப் பார்த்தாலே இது நாலு வேற வேற வருத்தம். ஒரே மருந்து குடுத்தா காசுதான் போகும்.

ஆள் இல்லாத நேரம் கன்னால தண்ணி வரவேணும் எண்டா ரெண்டு கதவு திறந்திருக்க வேணும். ஒண்டு மெஷின் அறையில இருக்கிற வால்வ். மற்றது கன்னுக்குள்ள தண்ணியை அடைக்கிற குண்டும் அது வந்து இருக்கிற சீற்றும். நடுவில நிக்கிற பம்பைக் கதவு எண்டு நினைக்கக் கூடாது. ட்ரிப்ளெக்ஸ் பம்புக்குள்ள இருக்கிறது எல்லாம் ஒருவழி வால்வ், அதுகளின்ர ஸ்பிரிங்கும் மெல்லிசு. பம்ப் நிண்டாலும் 4 மீற்றர் உயரத் தாங்கியின்ர அழுத்தம், அதாவது 0.4 பார், அதைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போகும். இது கனபேருக்குத் தெரியிறேல்ல. பம்பைக் கழட்டிப் பூட்டுவினம், லீக் அப்பிடியே இருக்கும்.

பே 1 சுத்தத் தண்ணி எண்டபடியா கழுவுற லைன், இல்லாட்டி வீப் லைன் (கன்னால எப்பவும் கொஞ்சம் ஒழுகவிடுற லைன்). பே 2 வழவழப்பு, அப்ப சோப் லைன். ஃபோம் பிரஷ்ஷைப் பற்றி நீங்கள் எழுதேல்ல. ஓடி முடிஞ்ச பிறகு அது ஒண்டு ரெண்டு நிமிஷம் வடிஞ்சு நிண்டா அது லீக் இல்லை. ஹோஸுக்குள்ள அமுங்கி இருக்கிற காத்து விரிஞ்சு மிச்ச நுரையைத் தள்ளுது, அவ்வளவுதான். பத்து நிமிஷம் கழிச்சும் வந்தாத்தான் யோசிக்க வேணும்.

இப்ப செய்ய வேண்டியது. இரவு கடை பூட்டின பிறகு பே 2 கன்னை ஒரு வாளிக்குள்ள தொங்க விடுங்கோ. மெயின் சுவிட்சை முழுதா நிப்பாட்டுங்கோ. 10 நிமிஷம் அளவுங்கோ. 2.5 லீற்றர் அப்பிடியே வந்தா மின்சாரத்தில பிழை இல்லை, வால்வுக்குள்ள ஊத்தை. சொட்டு நிண்டா வால்வ் நல்லம், அதுக்கு யாரோ கரண்ட் குடுத்துக்கொண்டு இருக்கினம். அந்தப் பகுதியை வயர்மேன் தம்பி சொல்லுவார்.

அடுத்தது, ஒவ்வொரு லைனுக்கும் சொலனொயிட்டுக்கு முன்னால ஒரு கை வால்வ் இருக்கும். ஒண்டொண்டா மூடி ஒவ்வொண்டுக்கும் 5 நிமிஷம் குடுங்கோ. ஹோஸுக்குள்ள மிச்சம் இருக்கிறது வடிய நேரம் எடுக்கும், அதனால மூடின உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. எதை மூட நிக்குதோ அந்த லைன்தான்.

வயர்மேன்24

கரண்ட் இல்லாமலும் ஒழுகினா என் வேலை இல்லை. கரண்ட் வெட்டினா நிக்குதுன்னா இப்படி பாருங்க.

எல்லா டைமரும் பூச்சியத்துக்கு வந்த பிறகு, ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் நுனியை கொயில் மேல் இருக்கிற நட்டுக்குக் கிட்ட கொண்டு போங்க. காந்தம் இழுத்தா அந்த வால்வுக்கு கரண்ட் போகுது. பெரும்பாலும் றிலே (கரண்டைத் தானா போட்டு வெட்டுற சுவிட்ச்) கொன்ராக்ட் ஒட்டிப் பிடிச்சிருக்கும். றிலேயைக் கழட்டி குலுக்கிப் பாருங்க, தட்டிப் பார்த்தா விடும், ஆனா திரும்பவும் ஒட்டும். தட்டி ஓட்டுறது ஒரு நாளைக்கு வழி, மாத்துறதுதான் வேலை.

மீற்றர் வச்சு அளக்கிறவங்க கொயிலைக் கழட்டிட்டு வயரில் மட்டும் அளக்காதீங்க. எலெக்ட்ரோனிக் கார்ட் இருந்தா 8, 10 வோல்ற் காட்டும், அது வெறும் பேய் வோல்ற்றேஜ். கொயில் பூட்டின நிலையில் அளந்தாத்தான் உண்மை தெரியும்.

கொயிலை வால்வில் இருந்து உருவி வெளியே எடுத்துட்டு கரண்ட் கொடுத்து சோதிக்கவும் கூடாது. ஏசி கொயிலுக்கு நடுவில் இரும்பு இல்லாட்டி கரண்ட் பல மடங்கு கூடும், சில நிமிடத்தில் கருகிடும்.

இன்னொன்று. அமெரிக்க மெஷின் என்றால் கொயிலில் என்ன அச்சடிச்சிருக்குன்னு பாருங்க. 60 ஹேர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தா நம்ம 50 ஹேர்ட்ஸில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவு கூட கரண்ட் இழுக்கும், சூடாகும். அந்தச் சூட்டில் உள்ளே பிளஞ்சர் (காந்தம் இழுக்கிற இரும்புத் தண்டு) ஓடுற குழாயில் சோப் காய்ஞ்சு பிசின் மாதிரி பிடிக்கும், பிளஞ்சர் கீழே இறங்காம பாதியில் நிக்கும். வெளியே பார்க்கிறவனுக்கு வால்வ் பழசுன்னு தோணும். 50/60 போட்ட கொயில் மட்டும் வாங்கி மாத்தினாப் போதும், வால்வ் உடம்பு அப்படியே இருக்கட்டும்.

பஞ்சிகாவத்தை_நானா

பே 1 சங்கதி எனக்கு இங்கிருந்தே தெரியுது. அது வீப் கன்.

பனி விழுற நாட்டில ராவைக்கு ஹோஸுக்குள்ள தண்ணி நின்டா உறைஞ்சி ஹோஸ் வெடிச்சிரும். அதால அங்க கன்னுக்குள்ள வேணும்டே ஒரு சின்னத் துளை வச்சிரிக்காங்க, மெஷின் அறையில அதுக்கு ஒரு தனி லைனும் இரிக்கி. ராப்பகலா ஒழுகுறதுதான் அதுட வேலை. கொழும்புல அது எதுக்கு? பாவிச்ச மெஷின் இறக்குற பேர்ல பாதிப்பேர் இத கவனிக்கிறதே இல்ல.

கண்டுபிடிக்கிற விதம்: கன்னக் கழட்டி, கார்டன் ஹோஸில கொழுவி, ட்ரிகர் அமத்தாம டெப்பத் திறங்க. ஒரே சீரா மெல்லிசா ஒழுகினா வீப். கூடிக் குறைஞ்சி, ட்ரிகர ரெண்டு தரம் அமத்தி விட்டா அளவு மாறினா அது சீற் தேய்ஞ்ச சாதாரண கன்.

வீப் துளைய ஈயம் வச்சி அடைக்கிறேன், வெல்ட் பண்றேன்டு போகாதீங்க. 70 பார் வேல செய்யிற சாமான். வீப் இல்லாத கன் வாங்கிப் போடுங்க. மூணு பேக்கும் ஒரே தரமா மாத்திட்டா எல்லாம் சரி.

குழாய்ப்புழு

நானா சொன்ன வீப் கதை நூற்றுக்கு நூறு சரி. கடைசி வசனத்தோடதான் எனக்கு ஒத்துவராது.

பே 2 கன்னை இப்ப மாத்தினா ஒழுக்கு நிக்கும், ஆனா சோப் வால்வ் பழுதாத்தான் இருக்கும். அது பம்பின்ர வாய்ப் பக்கம் முழுக்க சோப்பை நிரப்பி வைக்கும். அடுத்த ஆள் கழுவுற தண்ணிக்குக் காசு போட்டா முதல் ஒரு நிமிஷம் நுரைதான் வரும். கழுவுற லைனில ஒருவழி வால்வ் இல்லாட்டி, சோப் தொட்டி உயரமா இருந்தா, சோப் தாங்கித் தண்ணிக்குள்ளயே போகும். வாடிக்கையாளர் "காரில வெள்ளைத் திட்டு நிக்குது" எண்டு வருவினம், நீங்கள் சோப்பைக் குறை சொல்லுவியள்.

ஆனபடியா பே 2 இல வீப் கன் இருக்கும் வரைக்கும் அதைச் சோதனைக்குப் பாவியுங்கோ. எந்த வால்வ் விடுது எண்டு அது சும்மா காட்டித் தருது. வால்வைச் சரிப்படுத்தின பிறகு கன்னை மாத்துங்கோ.

கிருலப்பனை_பே

நன்றி அண்ணை, நானா. பார்த்தேன்.

பே 1 நானா சொன்னது. மெஷின் அறையில் மூன்று சின்ன ஊசி வால்வ் ஒரு வரிசையில் இருக்கு, மேலே துரு, யாரும் தொட்டதே இல்லை. அதை மூடினதும் பே 1 நின்றுட்டுது.

பே 2 கரண்ட் வெட்டியும் அதே 250 மில்லி. சோப் கை வால்வை மூடினா நாலு நிமிடத்தில் நிற்குது. அப்போ சோப் சொலனொயிட். இதைத் திறந்து சுத்தம் பண்ணலாமா, இல்ல புதுசா? ஒரு கடையில் வோஷிங் மெஷின் வால்வ் பூட்டலாம், விலை குறைவுன்னு சொன்னாங்க.

குழாய்ப்புழு

வோஷிங் மெஷின் வால்வ் வேண்டாம். முதலாவது, அது 230 வோல்ற். ஈரத் தரையில 24 வோல்ற் வைச்சிருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. ரெண்டாவது, அது பைலட் வகை, தண்ணியின்ர அழுத்தத்தாலயே திறந்து மூடுறது, சபை அழுத்தத்துக்குச் செய்தது. உங்கட சோப் தொட்டி என்ன உயரம்? அறைக்குள்ளயே ஒரு தட்டில இருந்தா 1 மீற்றர், அதாவது 0.1 பார். அந்த அழுத்தத்தில அது ஒழுங்காத் திறக்கவும் மாட்டுது, மூடவும் மாட்டுது.

இப்ப உங்களிட்ட இருக்கிற வால்வையும் இந்தக் கண்ணால பாருங்கோ. உடம்பில "பூச்சியம்" தொடங்கி அழுத்தம் எழுதியிருந்தா நேரடி வகை (காந்தமே நேராத் தூக்கித் திறக்கிறது), தொட்டியின்ர உயரத்தால மட்டும் தண்ணி வாற ஈர்ப்பு லைனுக்குச் சரி. 0.3 அல்லது 0.5 பாரில இருந்து தொடங்கினா அது பைலட் வகை, ஈர்ப்பு லைனுக்குத் தோதில்லை. பழைய மெஷினில யாரோ இடையில மாத்திப் பூட்டியிருக்கலாம்.

திறக்கிற முறை. கை வால்வை மூடி, கரண்டை வெட்டி, கன் ட்ரிகரை அமத்தி அழுத்தத்தை விடுங்கோ. மேல் மூடியில வழமையா நாலு ஸ்க்ரூ. கழட்ட முதல் மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கால ஒரு கோடு கீறி வையுங்கோ, திருப்பிப் பூட்டேக்க திசை மாறக் கூடாது. உள்ள ஸ்பிரிங், பிளஞ்சர், பைலட் வகையெண்டா டயஃப்ரமும் (றப்பர்த் தகடு) இருக்கும்.

டயஃப்ரம் ஓரத்தில ஊசிமுனை அளவில ஒரு துளை இருக்கும். அதுதான் முழு விளையாட்டும். மூடுறதுக்குத் தேவையான அழுத்தம் அந்தத் துளையாலதான் டயஃப்ரத்துக்கு மேல போகுது. அது அடைச்சா மேல அழுத்தம் ஏறாது, வால்வ் திறந்தபடி நிக்கும். பழுதான றப்பரைத் தேடிக்கொண்டு இருப்பியள், குற்றவாளி காய்ஞ்ச சோப் துணிக்கை ஒண்டு. வயரில இருந்து ஒரு செப்பு நார் உருவி அதால குத்துங்கோ. தையல் ஊசி வேண்டாம், துளை பெருத்திடும்.

பிறகு சீற், டயஃப்ரம் வந்து இருக்கிற வட்டமான விளிம்பு. விரல் நகத்தால சுத்திவரத் தடவுங்கோ. நகம் ஒரு இடத்தில தடக்கினா அங்க வெட்டு இருக்கு, புது றப்பர் போட்டாலும் விடும். அப்ப முழு வால்வும் மாத்தத்தான் வேணும். தடக்காட்டி றப்பர் கிற் மட்டும் காணும். ஸ்க்ரூவைக் குறுக்குக் குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ. உடம்பில அம்புக்குறி இருக்கும், தண்ணி போற பக்கத்துக்கு அது பார்க்க வேணும். எதிரப் பூட்டின வால்வ் ஒருநாளும் மூடாது.

பஞ்சிகாவத்தை_நானா

றப்பர் வாங்குறவங்க ஒரு விசயம் கவனிங்க. கறுப்பா இரிக்கிற எல்லா றப்பரும் ஒண்டில்ல. தண்ணிக்கும் காரமான சோப்புக்கும் ஈபிடிஎம் நல்லம், ஆனா எண்ணெய் பட்டா ஊதிப் போகும். எண்ணெய்க்கு நைட்ரைல். பெற்றோலிய கரைப்பான் கலந்த டயர் கிளீனர் போற லைனுக்கு ஈபிடிஎம் போட்டா கொஞ்ச நாள்ல அது பாண் மாதிரி ஊறி ரெண்டு மடங்காகும். அந்த லைனுக்கு வைற்றன் கேளுங்க. வைற்றனையும் எல்லாத்துக்கும் போட ஏலாது, காரம் கூடின சோப்புக்கு அது தாங்காது.

ஈபிடிஎம் ஓ-றிங் பூட்டக்குள்ள வழுக்கட்டுமேன்டு க்ரீஸும் வாசலினும் பூசுறாங்க. அதுவே அந்த றப்பருக்கு நஞ்சு. சிலிக்கோன் க்ரீஸ் ஒரு சின்ன டியூப் வாங்கி வச்சிக்கங்க.

நீர்மானி_அக்கா

கன்னைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். நிமிடத்துக்கு 250 மில்லி என்றால் நாளொன்றுக்கு 360 லீற்றர், 30 நாளைக்கு 10.8 அலகு. சபையின் ஓர் அலகு 1,000 லீற்றர். பில் அதைவிடக் கூட ஏறியிருந்தால் மிச்சம் வேறெங்கோ போகிறது.

தம்பி, இரவில் ஒருமுறை இதைச் செய்யுங்கள். தரைத் தொட்டிக்கு வரும் வால்வை மூடிவிட்டு மானியைப் பாருங்கள். சிவப்புச் சின்னச் சக்கரமோ கடைசி இலக்கமோ அசைந்தால் மானிக்கும் தொட்டிக்கும் இடையில் நிலத்துக்குள் லீக். அசையாவிட்டால் வால்வைத் திறந்து, தொட்டி நிரம்பி மிதவை மூடிய பிறகு மீண்டும் பாருங்கள். அப்போதும் சக்கரம் சுற்றினால் மிதவை வால்வ் முழுதாக மூடவில்லை, தண்ணீர் மேலதிகக் குழாயால் வடிகாலுக்குப் போகிறது. பகலில் பார்த்தால் இது பிடிபடாது. ஊர் தூங்கிய பிறகு பாவனை குறைந்து லைனில் அழுத்தம் ஏறும், தேய்ந்த மிதவை வால்வ் அந்த நேரத்தில்தான் தோற்கும். மேலதிகக் குழாயின் வாய் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தால் அதை வெட்டி, தெரிகிற மாதிரி ஒரு முழங்கை போட்டு வெளியே எடுங்கள்.

தொட்டியும் தாங்கியும் நிரம்பியிருக்க, எல்லாவற்றையும் மூடி, தாங்கியின் நீர் மட்டத்தில் ஒரு கோடு கீறி வையுங்கள். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் தாங்கிக்கும் பேக்கும் இடையில் விடுகிறது. பே தரைக்குக் கீழே பிவிசி போயிருந்தால் வாகனப் பாரம் ஏறும் இடத்து முழங்கைகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சொலனொயிட் படக்கென்று மூடும்போது வரும் அடியும் அதே மூட்டுகளைத்தான் தாக்கும். திருத்தினால் தடித்த வகைக் குழாய் போடுங்கள், 1,000 என்று அச்சிட்டது. பசை பூசிய பிறகு ஒரு நாள் விட்டு அழுத்தம் கொடுங்கள். அவசரப்பட்டு அரை மணித்தியாலத்தில் திறந்த மூட்டு பிறகு மெதுவாகக் கசியும், மண்ணுக்குள் யாருக்கும் தெரியாது.

மானி வரைக்கும் உள்ள லீக் சபையின் பொறுப்பு, 1939 தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள். மானிக்கு இப்பால் உங்களுடையது.

சோப் கலந்த ஒழுக்கு வீதிக் கானுக்குப் போகாமல் பாருங்கள். அங்கே கான் கால்வாயில் போய் விழும். வாகன சேவை நிலையங்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும், பரிசோதனைக்கு வருபவர்கள் எண்ணெய் பிரிக்கும் குழியைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள். நாள் முழுக்க ஒழுகும் தண்ணீர் அந்தக் குழியில் எண்ணெய் பிரியவும் விடாது.

வயர்மேன்24

அக்கா, நீர்வெட்டுக்குப் பிறகு வர்ற தண்ணியையும் சேர்த்துக்கோங்க. லைன் திரும்ப வரும்போது முதல் கொஞ்ச நேரம் செம்மண் நிறம். தொட்டிக்குள்ளே அது போய்த்தான் ஒரு வாரம் கழிச்சு சொலனொயிட் எல்லாம் விடத் தொடங்கும்.

நீர்மானி_அக்கா

ஆம். வரும் லைனில் ஒரு வடிகட்டி, 80 மெஷ் போதும். பம்புக்குப் போகும் வழியிலும் சொலனொயிட் வரிசைக்கு முன்னாலும் 100 மெஷ், அதாவது 150 மைக்ரோன் அளவு. நீர்வெட்டு முடிந்த அன்று தொட்டிக்குப் போகும் வால்வைத் திறக்க முன் பக்கத்து டெப்பைத் திறந்து தெளியும் வரை விடுங்கள். வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் கடலோரக் கிணற்றுத் தண்ணீர் பாவிப்பவர்கள் உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். பித்தளை சீற் அதில் அரிக்கும், துருவேறாத உருக்கு வாங்குவது நல்லது.

குழாய்ப்புழு

வடிகட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பம்பின்ர வாய்ப் பக்க வடிகட்டியைச் சின்னதாப் போட்டு, கழுவாம விட்டா பம்ப் தண்ணிக்குத் தவிக்கும். அந்த வெற்றிடத்தில சீல் தேயும், பிறகு பம்புக்கு அடியால ஒழுகும். வாய்க் குழாய் பம்பின்ர துளையை விட ஒரு அளவு பெருசா இருக்க வேணும்.

இப்ப பே 2 இல திடீரெண்டு கொட்டுற வாளித் தண்ணிக்கு வருவம். பம்பின்ர தலைப் பக்கத்தில, பித்தளையில, கட்டைவிரல் மொத்தத்தில ஒரு வால்வ் வெளிய நீட்டிக்கொண்டு இருக்குதா?

கிருலப்பனை_பே

இருக்கு அண்ணை. அதோட வாயில் இருந்துதான் தண்ணி வருது போல. தரையில் கறை அந்த இடத்துக்கு நேரே.

குழாய்ப்புழு

அப்ப அது லீக் இல்லை. வெப்பக் காப்பு வால்வ் தன்ர வேலையைச் செய்யுது. தண்ணி 60 பாகை அளவுக்குச் சூடானா திறந்து கொட்டும், குளிர்த் தண்ணி உள்ள வந்ததும் மூடும். அதை அடைச்சுப் போடுற ஆக்கள் இருக்கினம், பிறகு முழு சீல் செற்றும் மாத்துவினம்.

ஏன் சூடாகுது? வாடிக்கையாளர் ட்ரிகரை விட்டிட்டு டயரைத் தேய்ச்சுக்கொண்டு நிப்பார், மோட்டர் ஓடும். அன்லோடர் எண்ட வால்வ் தண்ணியைத் திருப்பிப் பம்பின்ர வாய்க்கே அனுப்பும். நிமிஷத்துக்கு 15 லீற்றரை 70 பார் குறையாமச் சுத்தினா கூடினது 1.75 கிலோவாட், எல்லாம் சூடாத்தான் போகும். அந்த வளையத்துக்குள்ள இருக்கிறது 2 லீற்றர் எண்டு வைப்பம். 30 பாகையில இருந்து 60 க்கு ஏற ரெண்டரை நிமிஷம் காணும். வெயிலில நிக்கிற கறுப்புத் தாங்கியில இருந்து வாற தண்ணி 35 எண்டா இன்னும் கெதியா. குளிர் நாட்டுக்குக் கணக்குப் பார்த்துச் செய்த வளையம் இஞ்ச பத்தாது.

வழி: அன்லோடரின்ர திரும்பும் லைனை பம்பின்ர வாயில இருந்து கழட்டி, மேல் தாங்கிக்குக் கொண்டுபோங்கோ. தாங்கியில அது விழுற இடம் பம்ப் உறிஞ்சுற வாய்க்குப் பக்கத்தில வேண்டாம், மற்ற மூலையில, தண்ணி மட்டத்துக்குக் கீழ. மேல இருந்து விழுந்தா காத்துக் கலந்து பம்ப் இரையும். ஆனா அதே பம்பால சோப்பும் ஓடுதெல்லே, அந்த நேரம் திரும்புறது சோப் தண்ணி. அதனால தாங்கிக்குப் போற லைனில மூவழி வால்வ் போட்டு, சோப் ஓடேக்க பழைய வழியால போகவிட வேணும். இந்த வேலை கரைச்சல் எண்டா, வளையத்துக்குள்ள நீளமான ஹோஸ் சுருள் ஒண்டு சேருங்கோ. தண்ணி அளவு 2 லீற்றர் 6 ஆனா நேரமும் மூண்டு மடங்கு. இதுதான் மலிவு, நான் இதைத்தான் சொல்லுவன்.

உண்மையான பம்ப் லீக் வேற மாதிரி. ஓடுற நேரம் தலைக்கும் எண்ணெய்ப் பெட்டிக்கும் இடைப்பட்ட துளைகளால சொட்டும். நிமிஷத்துக்கு ஒண்டு ரெண்டு சொட்டு பரவாயில்லை. ஓட்டமா வந்தா சீல். எண்ணெய் கண்ணாடியில பால் நிறம் தெரிஞ்சா தண்ணி உள்ள போட்டுது, அண்டைக்கே நிப்பாட்டுங்கோ. சீல் மாத்தேக்க செராமிக் பிளஞ்சரை நகத்தால தடவுங்கோ. மயிர் வெடிப்பு இருந்தா புது சீலையும் ஒரு கிழமையில அறுத்துப் போடும்.

வயர்மேன்24

ட்ரிகரை விட்ட பிறகு பிரஷர் கேஜ் முள்ளு சில வினாடிக்கு ஒரு தடவை துள்ளுதா? அன்லோடர் டக் டக்னு அடிக்குதா? அப்படின்னா அன்லோடருக்கும் கன்னுக்கும் இடையில் எங்கேயோ விடுது. அன்லோடரைக் குறை சொல்லி மாத்துறவங்க நிறைய. வீப் கன் இருந்தாலும் இதே சத்தம் வரும்.

கிருலப்பனை_பே

பே 3 இல் அந்த டக் டக் சத்தம் இருக்கு! சுழல் மூட்டில் இருந்துதான் போல. ஓ-றிங் மாத்தியாச்சு, இரண்டு நாளில் திரும்பவும் சொட்டு.

பஞ்சிகாவத்தை_நானா

என்ன தடிப்பு ஓ-றிங் போட்டீங்க? இங்கதான் ஆக்கள் விழுறாங்க. அமெரிக்க அளவுல அந்த இடத்துக்கு வாறது அனேகமா 2.62 மில்லி தடிப்பு. நம்மட கடைகள்ள ஜப்பான் வாகனத்துக்கு வாற ஓ-றிங்தான் பெட்டி பெட்டியா இரிக்கி, அதுல கிட்டின தடிப்பு 2.4. கையில புடிச்சிப் பாத்தா ரெண்டும் ஒண்டுதான். தண்ணி அடிச்சாத்தான் வித்தியாசம். மெட்ரிக் 2.5 உம் சரிவராது. பழசக் கொண்டுவந்து "இது மாதிரி ஒண்டு"ன்டு கேக்காதீங்க, பழசு நசுங்கி மெலிஞ்சிருக்கும். ஓ-றிங் இருக்கிற பள்ளத்த வேர்னியரால அளந்துகொண்டு வாங்க.

மூட்டு உடம்புக்குள்ள ஓ-றிங் உருளுற சுவர்ல கீறு இருந்தா எந்த அளவும் நிக்காது. வெளிச்சம் அடிச்சிப் பாருங்க.

குழாய்ப்புழு

நானா சொன்னதோட இன்னொண்டு. சொட்டு சுழலுற இடைவெளியால வருதா, இல்லாட்டி மூட்டைக் குழாயோட பூட்டின மரையால வருதா? காகிதத் துண்டு ஒண்டை மரையில சுத்திக் கட்டி ஓட விடுங்கோ, எது முதல் நனையுது எண்டு பாருங்கோ. ஓடுற நேரம் விரலால தடவித் தேட வேண்டாம். 70 பாரில ஊசித் துளையால வாற தண்ணி தோலைத் துளைச்சு உள்ள போகும், வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ள கை பழுதாகும். ஹோஸ் சோதிக்கிறதுக்கும் மட்டைத் துண்டுதான்.

கிருலப்பனை_பே

காகிதம் மரைப் பக்கம்தான் நனைஞ்சது. த்ரெட் டேப் பத்துச் சுற்று சுத்தியிருக்கு. அந்தக் குழாய்த் துண்டு இங்கே செய்வித்தது.

குழாய்ப்புழு

விளங்கிட்டுது. மூட்டு அமெரிக்க என்பிடி மரை, குழாய் நம்மட பிஎஸ்பி மரை. 3/8 அங்குலத்தில என்பிடிக்கு அங்குலத்துக்கு 18 மரை, பிஎஸ்பிக்கு 19. ரெண்டு மூண்டு சுற்றுப் போய் இறுகும், இறுகினது பூட்டினது எண்டு நினைப்பம். 1/2 உம் 3/4 உம் இன்னும் பொல்லாதது. ரெண்டிலயும் 14 மரைதான், முழுதா ஏறும், ஆனா மரையின்ர கோணம் ஒண்டு 60 பாகை, மற்றது 55. மரை வழியே சுருள் சுருளாத் தண்ணி வெளிய வரும். எத்தனை சுற்று டேப் சுத்தினாலும் அது நிக்காது, கூடச் சுத்தினா பெண் பக்கம் (உள்மரை)தான் வெடிக்கும்.

இடையில போட அடாப்டர் ஒண்டு வாங்குங்கோ: ஒரு பக்கம் என்பிடி ஆண், மறுபக்கம் பிஎஸ்பி பெண், துருவேறாத உருக்கு, குறைஞ்சது 200 பாருக்கு. என்பிடி பக்கத்துக்கு மட்டும் டேப் மூண்டு நாலு சுற்று, முதல் மரையை விட்டிட்டு, இறுக்கிற திசையிலயே சுத்துங்கோ. முதல் மரையில டேப் இருந்தா அதின்ர நுனி அறுந்து போய் நொசிலை அடைக்கும். பிஎஸ்பி நேர் மரை எண்டா டேப் வேண்டாம், அடியில வாஷர்தான் பிடிக்கும்.

பஞ்சிகாவத்தை_நானா

அந்த அடாப்டர் ஹைட்ரோலிக் ஹோஸ் அடிக்கிற கடைகள்ள கிடைக்கும். பழைய சோனகத் தெருவில பைப் சாமான் விக்கிற இடத்தில கேட்டா சாதாரண பித்தளை தருவாங்க, அது வீட்டுத் தண்ணிக்கு. ஹோஸ் அடிக்கிற இடத்துக்குப் போறதோட பூம் ஹோஸையும் கொண்டு போங்க. மேல் உறை தேய்ஞ்சி கம்பி தெரிஞ்சா, இல்லாட்டி முனைக்குப் பக்கத்தில கொப்புளம் இருந்தா அதையும் அங்கயே மாத்தலாம்.

கிருலப்பனை_பே

சோப் வால்வ் திறந்தேன். அண்ணை சொன்ன துளை அடைச்சிருந்தது, ரோஸ் நிறத்தில் காய்ஞ்ச சோப். உடம்பில் 0.35 பாரில் இருந்துன்னு எழுதியிருக்கு. சுத்தம் பண்ணின பிறகு 10 நிமிடத்துக்கு அரைக் கோப்பை அளவு இன்னும் வருது. நகம் எங்கேயும் தடக்கல. சோப் தொட்டி தட்டில், 1 மீற்றரும் இல்லை.

குழாய்ப்புழு

அப்ப வால்வில பிழையில்லை, இடம்தான் பிழை. அந்த உயரத்துக்கு அது முழுதா மூடாது. பூச்சியத்தில இருந்து வேலை செய்யிற நேரடி வகை, 24 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், 3/8 அல்லது 1/2, ஈபிடிஎம் சீல் எண்டு எழுதிக்கொண்டு போங்கோ. உள்துளையின்ர அளவையும் கேளுங்கோ. நேரடி வகையில வெளி மரை 1/2 எண்டாலும் உள்துளை 3 மில்லியா இருக்கலாம், அது பம்புக்குப் பத்தாது, பம்ப் தவிக்கும். நிமிஷத்துக்கு 15 லீற்றர் ஈர்ப்பில போக 12 மில்லிக்குக் குறையாம வேணும். அந்த அளவில சுத்த நேரடி வகை கிடைக்காட்டி, டயஃப்ரம் பிளஞ்சரோட கொழுவியிருக்கிற வகையைக் கேளுங்கோ, அதுவும் பூச்சியத்தில வேலை செய்யும்.

கழட்டின பழைய வால்வை எறியாதேங்கோ. சபை அழுத்தம் வாற இடத்துக்கு அது நல்லாப் பிடிக்கும், தரைத் தொட்டிக்கு மின் மிதவை போடுற எண்ணம் இருந்தா அங்க பூட்டலாம்.

நீர்மானி_அக்கா

தம்பி, மானிப் பரிசோதனை என்ன ஆச்சு?

கிருலப்பனை_பே

தொட்டி வால்வை மூடினா சக்கரம் நிற்குது அக்கா. திறந்து, நிரம்பின பிறகு இரவு ஒரு மணிக்குப் பார்த்தா மெதுவா சுத்துது. மேலதிகக் குழாய் சுவருக்குப் பின்னால் கானுக்குள்ளே போகுது, கையை விட்டா ஈரம்.

நீர்மானி_அக்கா

மிதவை வால்வின் றப்பர் வாஷர். மேல் ஊசியைக் கழற்றினால் பிஸ்டன் வெளியே வரும், வாஷர் அதன் முனையில் இருக்கும். நடுவில் வட்டமாகக் குழி விழுந்திருந்தால் திருப்பிப் போட்டும் ஓட்டலாம், ஆனால் புதிது விலை அதிகமில்லை. சீற் பித்தளையில் கீறு இருந்தால் முழு வால்வும். மிதவைத் தண்டை வளைத்து மட்டத்தைக் குறைத்து, மேலதிகக் குழாயின் வாய்க்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பூட்டிய பிறகு இதே நேரத்தில், ஒரு மணிக்கு, திரும்பவும் மானியைப் பாருங்கள். பகலில் நிற்பதை நம்பாதீர்கள்.